மாட்டின் கொடிவழிக்கு என்ன விலை?

1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பகுதியின் ஓட்லி என்னும் ஊரிலிருந்து ஒரு நூல் வெளிவந்தது. அதில் கதை இல்லை; வாதம் இல்லை; படித்து மகிழ ஒரு வரியும் இல்லை. 710 காளைகளின் பெயர்களும் 850 பசுக்களின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் தந்தை எது, தாய் எது, தாயின் தந்தை எது என்ற விவரமுமே பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருந்தன. ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் பண்ணை பண்ணையாகச் சென்று கேட்டுத் திரட்டிய இந்த ஏடுதான் மாட்டினம் ஒன்றுக்கென எழுந்த முதல் மந்தைப் பதிவேடு. ஷார்ட்ஹார்ன் எனப்படும் குட்டைக் கொம்பு மாடுகளுக்காக அவர் தொடங்கிய வழக்கத்தைப் பின்னர் ஹெர்போர்டு, ஜெர்சி, ஹோல்ஸ்டீன் என ஒவ்வோர் இனத்தாரும் பின்பற்றினர்.

இன்றும் ஒரு பொலிகாளையோ கிடேரியோ விலைக்கு வரும்போது "பதிவு பெற்ற கொடிவழி உண்டு" என்ற ஒரு சொல் விலையைப் பன்மடங்கு ஏற்றிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு அறிவியல் என்ன மதிப்புத் தரும்? இயற்பியல் கற்பிப்பவனுக்கு மாட்டுப் பதிவேட்டில் என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஒரு கருவி எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, அதன் பிழை எவ்வளவு என்று கேட்பது எங்கள் தொழில். கொடிவழிப் பதிவேடும் ஒருவகை அளவுக் கருவியே. அதனை அந்த முறையில் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் கோட்ஸின் நூலுக்குரிய பெருமையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் ஒரு காளை இன்னாரின் புகழ்பெற்ற காளைக்குப் பிறந்தது என்று விற்பவர் சொன்னால், வாங்குபவர் நம்புவதா விடுவதா என்பதைத் தவிர வேறு வழி இல்லை. அச்சில் ஏறிய பின்னர் நிலைமை மாறிற்று. காளை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கிடைத்தது. காமெட் என்ற காளைக்கு 155; அதன் தந்தை ஃபேவரிட்டுக்கு 252. பொய் சொன்னால் மற்றொருவர் ஏட்டைப் புரட்டி மறுக்கலாம். மறுக்கப்படக்கூடிய வகையில் ஒன்றைச் சொல்வதே அறிவியலின் முதற்படி. அந்த வகையில் இது அறிவியல் நூல்தான்.

ஆனால் அந்நூல் எதைப் பதிவு செய்யவில்லை என்று பாருங்கள். பசு எத்தனை படி பால் கறந்தது, கன்று எத்தனை செத்தன, எத்தனை முறை சினை பிடிக்காமல் போயிற்று என்பவற்றில் ஒன்றும் அங்கில்லை. பெயர், நிறம், வளர்த்தவர், முன்னோர் இவ்வளவே. நம் ஊர்ச் சந்தையில் சுழி பார்ப்பவரைப் படித்தவர்கள் எள்ளி நகையாடுவது உண்டு. ஆனால் அவர் சுழியோடு நிற்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், மடியையும் பால் நரம்பையும் தடவிப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். பெயரை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொட்டியவர்கள் கோட் அணிந்த கனவான்களே.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கொடிவழிகள் பலவற்றின் அடிமரமாக நிற்கும் ஹப்பேக் என்ற காளைக்குச் சொல்லத்தக்க கொடிவழியே கிடையாது. கொத்து வேலை செய்து பிழைத்த ஒருவர், சாலையோரப் புல்லில் மேய்த்து வந்த பசுவின் கன்று அது என்று ஷார்ட்ஹார்ன் வரலாறுகள் கூறுகின்றன. அதனைத் தேர்ந்தவர்கள் ஏட்டைப் பார்த்துத் தேரவில்லை. மாட்டைப் பார்த்துத் தேர்ந்தார்கள்.

பெயருக்கு விலை ஏறிய கதையில் மிகவும் புகழ்பெற்றது 'டச்சஸ்' கால்வழியின் கதை. டார்லிங்டன் நகருக்கருகே கெட்டன் என்ற இடத்தில் சார்லஸ் காலிங் என்பவரின் மந்தை 1810-இல் ஏலம் விடப்பட்டது. மேலே சொன்ன காமெட் அங்கே 1,000 கினிக்குப் போயிற்று. அதுவரை எந்த மாடும் அந்த விலையைத் தொட்டதில்லை. அதே ஏலத்தில் தாமஸ் பேட்ஸ் என்பவர் 'இளம் டச்சஸ்' என்ற பசுவை 183 கினிக்கு வாங்கினார். அதன் வழிவந்த பெண் கன்றுகளுக்கெல்லாம் டச்சஸ் என்றே பெயரிட்டு, வெளிக்கலப்பைக் கூடியவரை தவிர்த்துத் தம் குடும்பத்துக்குள்ளேயே சேர்த்து வளர்த்தார். 1849-இல் அவர் மறைந்த பின்னர் அக்கால்வழியின் புகழ் குறையவில்லை; வளர்ந்தது. சில மாடுகள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கும் போயின.

1873 செப்டம்பர் 10-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் நியூயார்க் மில்ஸ் என்ற ஊரில் ஓர் ஏலம் நடந்தது. இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வந்து போட்டியிட்டனர். 'ஜெனீவாவின் எட்டாம் டச்சஸ்' என்ற ஒரு பசு 40,600 டாலருக்கு விலைபோயிற்று. ஒரு பசு! அன்று அமெரிக்காவில் உழைப்பாளி ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் ஈட்டினாலும் காணமுடியாத தொகை அது. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 18-இல், ஜே குக் என்பாரின் வங்கி முறிந்து அந்நாடே பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. ஊகவாணிகக் காய்ச்சல் பங்குச் சந்தையில் மட்டும் அடிப்பதில்லை.

இந்த 40,600 டாலர் எதற்காகக் கொடுக்கப்பட்டது? 1810-இல் வாங்கிய பசுவோடு தாய் வழியாக அறுபடாத தொடர்பு இருக்கிறது என்பதற்காக. அந்தத் தொடர்பின் அளவைக் கணக்கிடுவோம். கன்று ஒன்று தன் மரபணுக்களில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. ஆகவே தாயின் பங்கு 1/2. பாட்டியின் பங்கு 1/4. பூட்டியின் பங்கு 1/8. ஒரு தலைமுறைக்கு ஆறு ஆண்டு என்று வைத்தால் 63 ஆண்டுகளில் பத்துத் தலைமுறை. 1/2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1/1024. கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வுக் கணக்கும் இதுவே. பெயர் மட்டும் சிதையாமல் நிற்கிறது. பொருள் சிதைந்துகொண்டே போகிறது. பேட்ஸ் உறவுக்குள்ளேயே சேர்த்ததால் பழைய பசு பல கிளைகள் வழியாகவும் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எனவே உண்மைப் பங்கு இதைவிடக் கூடுதலே. ஆனால் அந்தக் கூடுதல் வேறொரு விலையைக் கேட்டது. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

முன்னோர் பட்டியல் நீண்டால் செய்தியும் கூடும் என்ற எண்ணம் வியாபாரிகளிடம் மட்டும் இருந்ததன்று. பிரான்சிஸ் கால்டன் என்ற பேரறிஞரே 1897-இல் அப்படி ஒரு விதியை வெளியிட்டார். பெற்றோர் இருவரும் சேர்ந்து 1/2, தாத்தா பாட்டிமார் நால்வரும் சேர்ந்து 1/4, அவர்களுக்கு முந்திய எண்மரும் சேர்ந்து 1/8 என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கை அளிக்கிறது என்பது அவர் கருத்து. இந்தப் பெருக்குத் தொடரைக் கூட்டினால் சரியாக 1 வருகிறது. பார்ப்பதற்கு எவ்வளவு அழகு! பின்னோக்கிப் போதிய தலைமுறைகளை அறிந்தால் கன்றை முழுவதும் அறிந்துவிடலாம் என்பது இதன் பொருள். வேட்டை நாய்களின் நிறத்தை ஒரு பதிவேட்டிலிருந்து எடுத்து இதற்குச் சான்றும் காட்டினார்.

மெண்டலின் ஆய்வு 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த பின் இவ்வழகு நிலைக்கவில்லை. தாத்தாவின் மரபணு பேரனை அடைய வேண்டுமானால் தந்தை வழியாகவே வந்தாக வேண்டும். வேறு பாதை இல்லை. தந்தையைச் செவ்வையாக அறிந்துவிட்டால் தாத்தாவைப் பற்றிய செய்தி புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை. தந்தையைப் பற்றிய அறிவு குறைபாடாக இருக்கும்போதுதான் தாத்தா துணைக்கு வருகிறார். அப்படியானால் பெற்றோர் இருவரையும் துளிப் பிழையின்றி அறிந்தால் கன்றை முழுவதும் அறியலாமா? அதுவும் முடியாது. தாயிடம் உள்ள ஒவ்வொரு மரபணு இணையிலிருந்தும் எந்த ஒன்று கன்றுக்குப் போகும் என்பது நாணயம் சுண்டுவது போன்றது. தந்தையிடமும் அப்படியே. இந்தச் சுண்டலின் விளைவு எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது.

ஒரே காளைக்கும் ஒரே பசுவுக்கும் பிறந்த இரு காளைக் கன்றுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றின் கொடிவழிப் பத்திரங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆனால் ஒன்றின் மகள்கள் பால் சொரியும். மற்றதன் மகள்கள் தீவனச் செலவுக்குக்கூடக் காணா. எத்தனை தலைமுறை பின்னால் போனாலும் பத்திரம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. கணக்கில் சொல்வதானால், பெற்றோர் இருவரின் மரபு மதிப்பும் முழுவதும் தெரிந்தாலும் கன்றுகளிடையே காணும் மரபு வேறுபாட்டில் பாதியைத்தான் முன்கூட்டிச் சொல்லமுடியும். ஒட்டுறவுக் கெழு 1/2-இன் வர்க்கமூலம், அதாவது 0.71, அதற்கு மேல் போகாது. தாத்தா பாட்டி நால்வரை மட்டுமே அறிந்திருந்தால் சொல்லமுடிவது கால் பங்கு. அவர்களுக்கும் முந்திய எண்மரை மட்டும் அறிந்திருந்தால் அரைக்கால் பங்கு. ஐந்தாம் தலைமுறையில் நிற்கும் ஒரே ஒரு புகழ்பெற்ற முன்னோரை மட்டும் காட்டி விலை கேட்டால், வேறுபாட்டில் அது விளக்குவது 1/1024 பங்கு. இந்த ஒரு பங்குக்காக விலையை இரட்டிப்பாக்குவது நியாயமா என்பதை வாங்குபவரே முடிவு செய்யட்டும்.

இனி உறவுக்குள் சேர்ப்பதன் விலைக்கு வருவோம். காமெட்டின் கொடிவழி இப்படி அமைந்தது: ஃபீனிக்ஸ் என்ற பசுவின் மகன் ஃபேவரிட். அந்த மகனையே தாயோடு சேர்த்தபோது பிறந்தது இளம் ஃபீனிக்ஸ். பிறகு ஃபேவரிட்டைத் தன் மகளாகிய இளம் ஃபீனிக்ஸோடு சேர்த்தார்கள், பிறந்தது காமெட். காமெட்டின் ஏதேனும் ஒரு மரபணு இணையை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஃபேவரிட்டிடமிருந்து நேராக வந்தது. மற்றது இளம் ஃபீனிக்ஸிடமிருந்து வந்தது. அது பாதி வாய்ப்பில் ஃபேவரிட்டின் மரபணு, பாதி வாய்ப்பில் மூத்த ஃபீனிக்ஸின் மரபணு. முதல் நிலையில் இரண்டும் ஒரே மரபணுவின் நகல்களாக இருக்கும் வாய்ப்பு 1/2. இரண்டாம் நிலையில் 1/4. மொத்தம் 1/4-உம் 1/8-உம் சேர்ந்து 3/8, அதாவது 37.5 விழுக்காடு. இதில் ஃபேவரிட்டின் தந்தையும் தாயும் தமக்குள் உறவினர் என்பதைச் சேர்க்கவில்லை. அவ்விரண்டும் ஃபோல்ஜாம்ப் என்ற ஒரே காளையின் மக்கள். அவ்வுறவுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 47 விழுக்காடு ஆகிறது. கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால்கூட வருவது 25 விழுக்காடுதான்!

இவ்வாறு கணக்கிடும் முறையை 1922-இல் வகுத்தவர் சீவால் ரைட் என்ற அமெரிக்க அறிஞர். அவரும் அவருடைய துணைவரும் கோட்ஸின் பதிவேட்டையே மூலமாகக் கொண்டு ஷார்ட்ஹார்ன் இனம் முழுவதையும் ஆராய்ந்து 1925-இல் முடிவை வெளியிட்டனர். 1920-ஆம் ஆண்டளவில் அவ்வினத்தின் சராசரி உட்கலப்பு 26 விழுக்காடு. நூறாண்டுக்கு முன் செத்துப்போன ஃபேவரிட்டோடு இனத்தின் உறவு 55 விழுக்காடு. தந்தைக்கும் மகனுக்கும் இருப்பதே 50 தானே! இனம் முழுவதுமே அந்த ஒரு காளையின் நேர்ப்பிள்ளை போல ஆகிவிட்டிருந்தது. என் கருத்தில் அப்பதிவேட்டின் மிகச் சிறந்த பயன் இதுவே. வாங்கியவர்களுக்கு அது தந்த பெருமையைவிட, உறவின் அளவைக் கணக்கிட அறிஞர்களுக்குத் தந்த தரவு பெரியது.

உட்கலப்பு மிகுந்தால் கருவுறும் ஆற்றல் குறையும். டச்சஸ் பசுக்களில் பல சரிவரச் சினை பிடிக்கவில்லை. கன்று குறைந்தது, குறைந்ததால் அரிதாயிற்று, அரிதானதால் விலை ஏறிற்று. எந்தக் குறைக்காக ஒதுக்கியிருக்க வேண்டுமோ அந்தக் குறையே அவற்றின் மதிப்பை உயர்த்தியது. வணிகத்தில் இதைவிடப் பெரிய முரண் இருக்கமுடியுமா?

பதிவேட்டின் மற்றொரு குறை இன்னும் கொடியது. பதிவு செய்யப்பட்டவை மட்டுமே அதில் இருக்கும். பதிவு செய்யாமல் விட்டவை இருக்கா. 1940-களிலும் 1950-களிலும் அமெரிக்காவின் ஹெர்போர்டு மாடுகளிடையே குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. குட்டைக் கால், உப்பிய நெற்றி, இரைக்கும் மூச்சு, பெரும்பாலும் பிழைக்கா. ஓர் ஒடுங்கு மரபணு தாய் தந்தை இருபுறமும் கூடும்போது வரும் கேடு இது. குள்ளக் கன்று பிறந்ததென்று வெளியே தெரிந்தால் மந்தையின் பெயர் கெடும். ஆகவே பலர் அதனை மறைத்தனர். அந்த ஒடுங்கு மரபணுவை ஒற்றையாகச் சுமந்த மாடுகள் பலவும் பார்வைக்குக் கட்டுக்குட்டாகவும் இருந்தன. அக்காலக் கண்காட்சிகளில் பரிசு பெற்றதும் அந்த வடிவமே. பரிசும் பதிவும் சேர்ந்து நோயைப் பரப்பின எனலாம்.

சுமக்கும் காளையைக் கண்டுபிடிக்க அன்று ஒரு வழிதான் இருந்தது. சுமப்பவை என உறுதியாகத் தெரிந்த பசுக்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காளையும் சுமப்பதாக இருந்தால் ஒவ்வொரு கன்றும் நலமாகப் பிறக்கும் வாய்ப்பு 3/4. பதினாறு கன்றும் நலமாகவே பிறக்கும் வாய்ப்பு 3/4-ஐப் பதினாறு முறை பெருக்கியது. அதாவது நூற்றில் ஒன்று. ஆகவே பதினாறு நல்ல கன்றுகள் பிறந்துவிட்டால் காளையை நம்பலாம். ஆயிரம் பெயர் அச்சிட்ட பத்திரத்தைவிடப் பதினாறு கன்றுகள் பெரிய சான்று.

எழுதியிருக்கும் தந்தைதான் உண்மைத் தந்தையா என்ற கேள்வியும் உண்டு. வேலி தாண்டும் காளை எந்தப் பதிவேட்டையும் படிப்பதில்லை. 1940-களில் வளர்ந்த இரத்த வகைச் சோதனை முதன்முதலில் இதனைச் சரிபார்க்க வழி செய்தது, இன்று டி.என்.ஏ. சோதனை செய்கிறது. பிரிட்டனின் கறவை மாடுகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, பதிவுகளில் ஏறத்தாழ 10 விழுக்காடு பிழை என்று காட்டியது. ஒரு படிக்கு 0.9 என்று வைத்தால் ஐந்து படி ஏறிய பின் சங்கிலி முழுதும் சரியாக இருக்கும் வாய்ப்பு 0.59 தான். நீண்ட கொடிவழியைக் காட்டிப் பெருமைப்படுவோர் இந்தப் பெருக்கலை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

பெயரோடு எண்ணையும் சேர்க்கும் முயற்சி 1895-இல் டென்மார்க்கின் வேயன் என்ற ஊரில் உறுதிப்பட்டது. உழவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து ஒருவரை அமர்த்தினர். அவர் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை நிறுத்தும் கொழுப்பை அளந்தும் எழுதினார். பின்னர்ச் செயற்கைமுறைக் கருவூட்டல் வந்தபோது ஒரு காளைக்குப் பல மந்தைகளில் மகள்கள் கிடைத்தன. மகள்களின் பாலைக்கொண்டு தந்தையை மதிப்பிட முடிந்தது. கொடிவழிப் பத்திரம் மேலே பார்க்கிறது. இம்முறை கீழே பார்க்கிறது. மகள்களின் எண்ணிக்கை கூடக்கூட 0.71 என்ற எல்லையும் தகர்ந்து 1-ஐ நெருங்கலாம்.

ஆனால் மகள் சோதனையும் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. 1962-இல் பிறந்த 'பாவ்னீ ஃபார்ம் அர்லிண்டா சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள். அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபுத் தொகுதியில் ஏறத்தாழ 14 விழுக்காடு இந்த ஒரு காளையிடமிருந்து வந்தது. பாலைப் பெருக்கியதில் அதன் பங்கு 3,000 கோடி டாலர் என மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆயினும் அது கருவைக் கொல்லும் ஒடுங்கு மரபணு ஒன்றையும் சுமந்தது. இரு புறமும் அதே மரபணு சேர்ந்த கரு கலைந்துவிடும். வெளியே தெரிவதெல்லாம் பசு சினை நிற்கவில்லை என்பது மட்டுமே. உலகெங்கும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் இவ்வாறு கலைந்தன. இழப்பு 42 கோடி டாலர். 2011-இல்தான் இது பிடிபட்டது. பிடித்த முறை சுவையானது. மரபுத் தொகுதியின் குறிப்பிட்ட ஒரு துண்டு இருபுறமும் ஒன்றாக அமைந்த மாடுகள் இத்தனை இருக்கவேண்டும் என்று கணக்கு சொன்னது. தேடினால் உயிருள்ள ஒன்றுகூட இல்லை. இல்லாமையே சான்றாயிற்று! அத்துண்டின் மூலம் சீஃப் என்று காட்டியது எது தெரியுமா? கொடிவழிப் பதிவேடுதான். 2016-இல் மரபணுவும் இனங்காணப்பட்டது.

ஆகவே பதிவேட்டை எரித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் கன்று ஈனாத கிடேரிக்கும், மகள்கள் பிறக்காத இளங்காளைக்கும் 2009 வரை பத்திரத்தைத் தவிர வேறு சான்று அதிகம் இல்லை. அவ்வாண்டு முதல் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் கன்றுகளின் டி.என்.ஏ.-வைக்கொண்டு மதிப்பிடும் முறை அதிகாரபூர்வமாக வந்தது. நாணயம் எப்படி விழுந்தது என்று பிறந்தவுடனேயே ஓரளவு பார்த்துவிடும் முறை அது. அங்கும் முன்னோரின் பால் கணக்கு இல்லாமல் டி.என்.ஏ. எழுத்துக்களுக்குப் பொருள் கூறமுடியாது.

வாங்குபவர் பத்திரத்தில் தேடவேண்டியது பெயரை அன்று. தாய் எத்தனை ஈற்றில் எவ்வளவு கறந்தது? அளந்தது யார், விற்பவரா, வெளியாளா? ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடைவெளி எவ்வளவு? தந்தைக்கு மகள் சோதனை உண்டா? தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஒரே பெயர் திரும்ப வருகிறதா? இக்கேள்விகளில் கடைசி ஒன்றுக்கு மட்டுமே பழைய வகைப் பத்திரம் விடை தரும். அந்த விடை பொன்னானது. தம் மந்தையிலேயே அக்காளையின் மகள்கள் நிற்கும்போது அதன் மகனை வாங்கி விடலாகாது என்று அது எச்சரிக்கும்.

நம் நாட்டில் பெரும்பாலான மாடுகளுக்கு எந்தக் கொடிவழியும் எழுதப்பட்டதில்லை. ஆனால் 12 இலக்க எண் பொறித்த காது வில்லை இன்று பல மாடுகளின் காதில் தொங்குகிறது; கருவூட்டுபவர் கொண்டுவரும் உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கிறது. ஊசி போட்டபின் அக்குச்சி குப்பைக்குப் போகிறது. அதனைத் தொழுவத்துச் சுவரில் செருகிவைத்து, தேதியையும் பசுவின் காது எண்ணையும் ஒரு பழைய நோட்டில் எழுதிவைக்க ஐந்து நிமிடம் போதும். மூன்றாண்டு கழித்து அந்தக் கிடேரிக்குக் காளை தேடும்போது தந்தையின் எண் கையில் இருக்கும்.